கறுப்புப் பட்டையை யார் அணிவது?

தொழில்முறை விளையாட்டில், அதாவது ஆடுவதே பிழைப்பாகவும் ஆட்டத்தைக் காட்டுவதே வணிகமாகவும் அமைந்துவிட்ட விளையாட்டில், அரசியலுக்கும் சமூகப் போராட்டத்துக்கும் இடம் உண்டா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஏட்டளவில் நின்றதில்லை. 2013ஆம் ஆண்டில் ஈழப் பிரச்சினையை ஒட்டியும் 2018ஆம் ஆண்டில் காவிரிப் பிரச்சினையை ஒட்டியும் அது சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் வாசலுக்கே வந்தது. முதல் முறை ஆட்டக்காரர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இரண்டாம் முறை ஆட்டமே வேறு மாநிலத்துக்குப் போயிற்று. கேள்வி மட்டும் விடையின்றிக் கிடந்தது. விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று ஒரு சாராரும், மக்கள் வாடும்போது விளையாட்டு ஒரு கேடா என்று மறு சாராரும் பேசிய பேச்சில், யார் யாருடைய தோள்மீது அரசியலை ஏற்றுகிறார்கள் என்ற முக்கியமான விஷயம் கவனிக்கப்படாமலே போய்விட்டது.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு விடச் சொன்ன 192 டி.எம்.சி. நீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) அத்தீர்ப்பில் 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது, அந்தக் குறைந்த பங்கையாவது உறுதி செய்ய ஆறு வாரங்களுக்குள் ஒரு செயல்திட்டத்தை வகுக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் கெடு விதித்தது. மார்ச் 29 அன்று கெடு முடிந்தது, திட்டம் வரவில்லை. ஏப்ரல் 5 அன்று மாநிலம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. ஐந்தே நாள் கழித்து, இரண்டாண்டுத் தடைக்குப் பின் திரும்பியிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ஐ.பி.எல். தொடரின் தன் முதல் சொந்த மண் ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் ஆட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் கோபத்தைச் சென்னையில் இருந்துகொண்டு முழுமையாக அளக்க முடியாது. துறையூரிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் பேருந்து, நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டியதும் கொள்ளிடப் பாலத்தில் ஏறி, ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, மறுபடியும் காவிரிப் பாலத்தில் ஏறி இறங்குகிறது; வறண்ட கோடையில் இரண்டு பாலங்களின் அடியிலும் தெரிவது மணலும் நாணலும்தான். துறையூர் வட்டத்தின் பெரும்பகுதி காவிரிப் பாசனத்துக்கு வெளியே, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் அடிவாரத்தில், ஏரியையும் கிணற்றையும் மழையையும் நம்பிக் கிடக்கிறது. இருந்தாலும் முசிறியிலும் லால்குடியிலும் வாய்க்கால் காய்ந்தால் அதன் வெப்பம் இங்கேயும் தட்டுகிறது. நடவுக்குக் கூலியாட்கள் தேவைப்படுவதில்லை, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்கு நெல் வரத்து சுருங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் திருச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் மண்டை ஓடுகளை ஏந்திக்கொண்டு தில்லி ஜந்தர் மந்தரில் 41 நாள்கள் அமர்ந்திருந்தார்கள். தங்கள் உடலையே காட்சிப்பொருளாக்கியும் கைக்கு உறுதியான எதையும் பெறாமல் ஊர் திரும்பியவர்களின் அனுபவம், நாட்டின் கண்கள் தானாகத் திரும்பும் இடத்துக்கே போராட்டத்தைக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தைப் பலரிடம் விதைத்திருந்தால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. அந்த ஏப்ரலில் நாட்டின் கண்கள் ஐ.பி.எல்.மீது இருந்தன.

ஆட்டத்தை எதிர்த்தவர்களின் வாதத்தை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடக் கூடாது. ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கோயில் திருவிழாவின் மேளம் நிற்பது இப்பகுதியில் இன்றும் உள்ள வழக்கம். இறந்தவருக்கும் திருவிழாவுக்கும் தொடர்பு உண்டா என்று அப்போது எவரும் கேட்பதில்லை. பக்கத்தில் துக்கம் இருக்கும்போது கொண்டாட்டம் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தைத்தான் இயக்குநர் பாரதிராஜா உள்ளிட்ட திரையுலகினரும் தமிழ் அமைப்புகளும் ஐ.பி.எல்.லிடம் எதிர்பார்த்தார்கள். அடக்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பதும், அடங்காவிட்டால் அடிப்பேன் என்பதும் வேறுவேறு என்பதே இங்குள்ள சிக்கல்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, சென்னை அணி வீரர்களும் ரசிகர்களும் கறுப்புப் பட்டை அணிந்து வந்தால் நன்றாயிருக்கும் என்று நடிகர் ரஜினிகாந்த் செய்தியாளர்களிடம் கூறினார். நல்லெண்ணத்துடன் முன்வைக்கப்பட்ட அந்த யோசனையை அன்று களமிறங்கிய பதினொருவர் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் அதன் உள்முரண் தெரியும். தோனி ராஞ்சிக்காரர், ரெய்னா உத்தரப் பிரதேசத்தவர், ஜடேஜா சௌராஷ்டிரத்தவர், வாட்சன் ஆஸ்திரேலியர், பிராவோ டிரினிடாட்காரர், இம்ரான் தாஹிர் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். சென்னை அணியின் அந்தப் பதினொருவரில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. எதிரணியான கொல்கத்தா நைட் ரைடர்ஸின் தலைவராக இருந்த தினேஷ் கார்த்திக்தான் அன்று களத்தில் நின்ற சென்னைக்காரர். ஏலத்தில் எடுக்கப்பட்டு மஞ்சள் சட்டை அணிந்தவர்களிடம், அச்சட்டையின் பேரில் ஒரு மாநிலத்தின் துயரத்தையும் அணியச் சொல்வதானால், அவர்கள் அதைப் புரிந்து ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். புரியவைக்கும் முயற்சி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஒரு வீரர் தானாக அணியும் பட்டை அவருடைய வாக்குமூலம் ஆகும். ஊர் சொல்லி அணியும் பட்டை சீருடையின் இன்னொரு துண்டாகவே முடியும்.

யோசனையின் மறு பாதி, அதாவது ரசிகர்கள் கறுப்பு அணிவது, முற்றிலும் நியாயமானது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் தன் சட்டையின் நிறத்தால் ஒரு கருத்தைச் சொல்வதில் எவருக்கும் ஊறு இல்லை. ஆனால் ஏப்ரல் 10 அன்று ஆயிரக்கணக்கான போலீசார் சூழ்ந்திருந்த சேப்பாக்கத்தின் வாயில்களில் கொடிகளும் பதாகைகளும் தடுக்கப்பட்டன. கறுப்பு உடையில் வந்தவர்கள் ஐயத்தோடு நோக்கப்பட்டார்கள். வெளியே அண்ணா சாலையில் மறியல் கட்டுமீறியது. மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர்கள் சிலர் தாக்கப்பட்டார்கள். சீருடையில் இருந்த காவலர் ஒருவர் அடிபட்டார். உள்ளே, எல்லைக் கோட்டருகே நின்ற ஜடேஜாவை நோக்கிப் பார்வையாளர் மாடத்திலிருந்து செருப்பு பறந்து வந்தது. கொல்கத்தா 202 ரன் எடுத்ததும், ஒரு பந்து மீதமிருக்கச் சென்னை வென்றதும் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. புல்தரையில் கிடந்த அந்தச் செருப்பு பலருக்கு நினைவிருக்கிறது. டெல்டாவின் வறட்சியை நாட்டுக்குக் காட்ட நடந்த போராட்டம், மறுநாள் நாளிதழ்களில் செருப்பு வீச்சாகச் சுருங்கியது. ஆயிரம் பேர் அமைதியாகக் கறுப்பு அணிந்து அமர்ந்திருந்தால் ஒளிபரப்புக் கேமரா அதைத் தவிர்க்க வழியிருந்திருக்காது. அந்தக் கதவை அடைத்த ஏற்பாட்டாளர்களுக்கும் காவல்துறைக்கும், செருப்பு வீசியவரோடு சேர்த்து, அன்றைய இழிவில் பங்கு உண்டு.

எஞ்சிய ஆறு ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அங்கே நடந்ததைத் தமிழ்நாட்டில் அதிகம் பேசியதில்லை. தண்ணீருக்காக இடம்பெயர்ந்த ஆட்டத்தைத் தண்ணீர் பின்தொடர்ந்தது. புனே மைதானத்தின் தேவைக்குப் பவனா அணை நீரைப் பயன்படுத்தக் கூடாதென்று மும்பை உயர் நீதிமன்றம் அதே ஏப்ரலில் மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கத்துக்குத் தடை விதித்தது. இரண்டாண்டுகளுக்கு முன்பு, 2016 ஏப்ரல் 13 அன்று, மராத்வாடா வறட்சியில் தவித்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 30க்குப் பிந்தைய ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகுமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. இவ்விரு வழக்குகளையும் தொடுத்தவர்கள் சமூக ஆர்வலர்கள். எவரும் வீரர்களின் கையில் பட்டை கட்டச் சொல்லவில்லை, ஒரு கல்லும் விழவில்லை. ஆடுகளத்துக்கு எத்தனை லிட்டர் நீர், அது எந்த அணையிலிருந்து வருகிறது, அதே நீரை நம்பியிருப்பவர்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களுடைய போராட்டம் விளையாட்டின் உள்ளே இருந்த ஒரு பொருளைத் தொட்டது. அதனால் விளையாட்டு பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. காவிரிப் போராட்டத்துக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையில் இருந்ததோ கவனம் என்னும் மெல்லிய நூல் மட்டுமே. காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கான திட்டத்தை மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஜூன் 1 அன்று அது அரசிதழில் வந்தது. ஆட்டங்கள் புனேவுக்குப் போனதால்தான் அது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

2013இல் நடந்தது இதனினும் கடினமானது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டக் கொடுமைகள் குறித்த சான்றுகள் வெளியாகி, லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாநிலை மாநிலமெங்கும் பரவியிருந்த மார்ச் மாதத்தில், முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்களோ நடுவர்களோ பணியாளர்களோ பங்கேற்காத ஆட்டங்களை மட்டுமே தமிழ்நாட்டில் அனுமதிக்க முடியும் என்பது அதன் சாரம். ஐ.பி.எல். நிர்வாகக் குழு உடனே இணங்கியது. தேயிலைத் தோட்டத்துக்குக் கடல் கடந்து போன தமிழரின் பேரனும், 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்கே ஆடியவரும், சென்னையில் பெண் எடுத்தவருமான முத்தையா முரளிதரன் அப்போது பெங்களூர் அணியில் இருந்தார். அந்த ஆண்டு சேப்பாக்கத்தின் கதவு அவருக்கும் சாத்தப்பட்டது. அவருடைய அரசியல் கருத்துகள்மீது தமிழர்கள் பலருக்குக் கடும் விமர்சனம் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் 2013இன் தடை அவர் சொன்ன சொல்லுக்காக விதிக்கப்பட்டதன்று, கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்து விதிக்கப்பட்டது. இனத்தின் பேரால் மனிதரை வகைபிரித்த ஓர் அரசை எதிர்க்கப் புறப்பட்ட நடவடிக்கை, தானும் பிறந்த நாட்டைக் கொண்டே மனிதரை வகைபிரித்ததை எந்தத் தமிழ் உணர்வாலும் நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் விளையாட்டுப் புறக்கணிப்பே தவறா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு தமிழக விடை இருக்கிறது. 1974இல் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் முன்னின்று ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிக்கு வந்தது. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா, தோல் நிறத்தால் மக்களைச் சட்டப்படி பிரித்து ஆண்ட நிறவெறி அரசின் அணி. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இருபது வயது விஜய்க்கு அதுபோன்ற வாய்ப்பு இன்னொரு முறை எளிதில் வாய்க்காது என்பது அப்போதே தெரிந்ததுதான். ஆயினும் அந்தப் புறக்கணிப்பு அறமானது. காரணம், அது எதிர்த்த அநீதி டென்னிஸ் களத்துக்குள்ளேயே இருந்தது. வெள்ளையர் அல்லாதவரை அணிக்குள் விடாத அமைப்போடு ஆடுவது, அந்த விலக்கலுக்கு உடன்படுவதாகவே ஆகியிருக்கும். புறக்கணிக்குமாறு உலகைக் கேட்டவர்களும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி எதிர்ப்பு விளையாட்டாளர்களே. பன்னாட்டுக் கிரிக்கெட்டிலிருந்து 1970 முதல் விலக்கப்பட்டிருந்த அந்நாடு 1991 நவம்பர் 10 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் திரும்பி வந்தபோது நிறவெறிச் சட்டங்களின் தூண்கள் சரிந்திருந்தன. இந்த அளவுகோலை 2013க்கு வைத்தால், இலங்கை அணித் தேர்வில் தமிழருக்கு இழைக்கப்படும் புறக்கணிப்பு இதுவென்று சுட்டி, அதன்மீது பன்னாட்டுக் கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி.யின் நடவடிக்கையைக் கோரியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

அரசியலை விளையாட்டுக்குள் கொண்டுவருபவர்கள் போராட்டக்காரர்கள் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அரசுகளும் வாரியங்களும் அதைவிடத் தாராளமாகவும் தடையின்றியும் கொண்டுவருகின்றன. 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரே இந்திய அணி முழுவதும் ராணுவப் பாணித் தொப்பியில் இறங்கியது. புல்வாமா தாக்குதலில் உயிரிழந்தோர் நினைவாகவும் நிதி திரட்டவும் என்பதால் ஐ.சி.சி. அதை அனுமதித்தது. நினைவுகூர்தல் மதிக்கத்தக்கதே. ஆனால் 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா, எல்லா உயிர்களும் சமம் என்னும் பொருள்பட எழுதிய காலணியுடன் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட முற்பட்டபோது அதே ஐ.சி.சி. மறுத்தது, பின்பு அவர் கட்டிய கறுப்புப் பட்டைக்காகக் கண்டித்தது. காஸா மக்களை எண்ணி ஒரு தனிமனிதர் சொன்ன சொல் அரசியல் ஆயிற்று. ஒரு வாரியம் முழு அணிக்கும் அணிவித்த தொப்பி அரசியல் ஆகவில்லை. விதிப்புத்தகத்தில் அரசியல் என்று எழுதப்படுவது, நடைமுறையில், அதிகாரத்தின் ஒப்புதல் இல்லாத அரசியலையே குறிக்கிறது.

2021 பிப்ரவரித் தொடக்கத்தில் வேளாண் சட்டங்களை எதிர்த்து தில்லி எல்லையில் விவசாயிகள் அமர்ந்திருந்தபோது, வெளிநாட்டுப் பாடகி ரிஹானா அதுபற்றி ஒரு வரி கேட்டார். ஓரிரு நாளில் டெண்டுல்கர் முதல் அணித் தலைவர் கோலி வரை முன்னணிக் கிரிக்கெட் வீரர்கள் பலர், ஒரே சாயலில், ஒற்றுமையை வலியுறுத்திப் பதிவிட்டார்கள். அதே நாட்டில் 2023இல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர், மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து ஜந்தர் மந்தரில், அய்யாக்கண்ணுவின் விவசாயிகள் அமர்ந்த அதே தெருவில், வாரக்கணக்கில் அமர்ந்தார்கள். கிரிக்கெட் வீரர்கள் ஏன் மௌனமாக இருக்கிறார்கள் என்று வினேஷ் வெளிப்படையாகவே கேட்டார். நீரஜ் சோப்ரா குரல் கொடுத்தார், கபில் தேவின் 1983 அணியினர் அறிக்கை விட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்த கிரிக்கெட் வீரர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. மே 28 அன்று நாடாளுமன்றப் புதிய கட்டடம் திறக்கப்பட்ட வேளையில் அந்த மல்யுத்த வீரர்களைக் காவலர்கள் சாலையில் இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற கைகள் அவை. விளையாட்டில் போராட்டத்துக்கு இடமில்லை என்பவர்கள் அந்தப் பெண்கள் வேறெங்கே முறையிட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முறையீட்டைக் கேட்க வேண்டிய கூட்டமைப்பின் தலைவர்மீதே முறையீடு இருந்தது.

தட்டிக்கேட்பதற்கு எவரும் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குத் திருச்சிக்கு அருகிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை, அதாவது பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியுண்டா என்று உடற்கூற்றை ஆராயும் சோதனை, அவருக்கு நடத்தப்பட்டு, அதன் முடிவு ஊடகங்களில் அம்பலமாக, பதக்கம் பறிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் சூளையில் கல் அறுக்கும் நிலைக்கு வந்தார். அவருக்காகப் பேச, சக வீரர்களின் அமைப்பு ஒன்றும் அன்று முன்வரவில்லை. மனித உரிமை ஆர்வலர்களும் சில பத்திரிகையாளர்களுமே தொடர்ந்து வாதாடினார்கள். அதே வகையான விதியை ஒடிசாவின் டூட்டி சந்த் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றத்தில் எதிர்த்து, 2015 ஜூலையில் அதை நிறுத்திவைக்கச் செய்தார். டூட்டிக்குப் பின்னே வழக்கறிஞர்களும் ஆர்வலர்களும் அரசின் ஆதரவும் இருந்தன. சாந்திக்குப் பின்னே, 2006இல், அப்படியொரு அணி இருக்கவில்லை.

ஆகவே தொழில்முறை வீரருக்குப் பேசும் உரிமை வேண்டும்; பேச மறுக்கும் உரிமையும் அதே அளவில் வேண்டும். 2018இல் சென்னை வீரர்களிடம் பட்டை கேட்டதும், 2021இல் ஒரே சாயலில் பதிவுகள் வந்ததும், முதலாவது எளியவர்களின் பக்கமும் இரண்டாவது அதிகாரத்தின் பக்கமும் நின்றாலும், ஆட்டக்காரரின் மனச்சான்றைப் பிறர் எடுத்தாளுவது என்ற வகையில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இதை ஏற்றுக்கொள்வது காவிரிக்காக நின்றவர்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோது அஸ்வினும் விஸ்வநாதன் ஆனந்தும் தாமாகவே ஆதரவு தெரிவித்தார்கள். அதற்கு எடை இருந்தது, ஏனெனில் எவரும் அவர்களைக் கேட்டு நெருக்கவில்லை.

இந்த உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. 2019இல் கிரிக்கெட் வாரியத்தின் ஏற்பைப் பெற்ற இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் இந்தியக் கிரிக்கெட்டில் இல்லை. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், கூட்டமைப்புகளில் வீரர்கள் குழு, நெறிமுறைக் குழு, தகராறு தீர்க்கும் குழு ஆகியவற்றை அமைக்கச் சொல்கிறது. அந்த வீரர்கள் குழுவை வீரர்களே தேர்ந்தெடுக்கிறார்களா, கூட்டமைப்பின் தலைவர்மீதே புகார் எழும்போது அது சுயேச்சையாக இயங்க முடியுமா, களத்துக்கு வெளியே ஒரு வீரர் சொல்லும் கருத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்ற பாதுகாப்பு அதில் சேருமா என்பவை கேட்கப்பட வேண்டியவை. துறையூர்ப் பக்கத்துக் கபடிக் குழு ஒன்றிலிருந்து ஒரு பையன் நாளை புரோ கபடி ஏலத்துக்குப் போனால், அவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்துச் சொல்ல அவன் பக்கம் ஒரு சங்கம் இருக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநில விளையாட்டுச் சங்கங்களும் அதற்கான முதல் வரைவை இந்த ஆண்டே எழுதத் தொடங்கலாம்.